தடுத்தாட்கொண்டவர்: சேரலாதனும் கணக்கில் வராத பிடிகளும்

எங்க ஊர்ப் பெருமையே ஒரு பிடியில்தான் ஆரம்பிக்கிறது. புத்தூரில் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்த சுந்தரரை ஒரு கிழவர் வந்து மறிக்கிறார். நீ எனக்கு அடிமை, ஓலை இருக்கு என்கிறார். சுந்தரர் துரத்திப் பிடித்து ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். அது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கு என்கிறார் கிழவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு வருகிறது, கிழவர் ஜெயிக்கிறார், கல்யாணம் நின்றுபோகிறது. பெரியபுராணத்தில் அந்தப் பகுதிக்குப் பேரே தடுத்தாட்கொண்ட புராணம்.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது தமிழய்யா இல்லை, பெரியப்பா. அவர் சொன்ன விதமும் வேற. "சாமியே கேட்சர்தான்டா. கோட்டத் தாண்டிப் போறவன உடாம புடிச்சி நம்ம பக்கமே உக்கார வச்சிட்டாரு பாரு" என்பார். பெரியப்பா ரைட் கார்னர். மலட்டாற்று மணலிலும், மடப்பட்டு, அரசூர், உளுந்தூர்பேட்டை பக்கத்து மின்னொளி கபடிப் போட்டிகளிலும் பதினாறு வருஷம் பிடித்தவர். வலது கை மோதிர விரல் இன்னிக்கும் நேராக நிற்காது. டீ கிளாஸைப் பிடிக்கும்போது அது மட்டும் தனியாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

எத்தனை பேரைப் பிடிச்சிருப்பீங்க பெரியப்பா என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாரு எண்ணுனா" என்றார்.

அந்த "யாரு எண்ணுனா"வை வைத்துக்கொண்டுதான் தர்மராஜ் சேரலாதனைப் பற்றி எழுத வந்திருக்கிறேன்.

*

சேரலாதன் நம்ம பக்கத்து ஆள் இல்லை. தஞ்சாவூர் மாவட்டம், திருக்கானூர்பட்டி. பிறந்தது 1975 ஏப்ரல் 21. இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எல்லா வருஷத்தையும் இதோடு கழித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதல்முறையாகப் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டபோது அவருக்குப் பதினைந்து வயது. 1994-ல் ஹிரோஷிமாவில் மணத்தி கணேசன் இந்திய அணியில் ஆடித் தங்கத்தோடு வந்தபோது பத்தொன்பது. (கணேசன் பேரை 2025-ல் 'பைசன்' படம் வந்த பிறகுதான் நம்மில் பலர் கேள்விப்பட்டோம் என்பது தனி வெட்கம்.) 2014 ஜூலை 26-ல் ப்ரோ கபடி லீக் மும்பையில் தொடங்கி, கபடி என்பது டிவியில் ராத்திரி எட்டு மணிக்குக் கலர் லைட்டோடு வரும் சமாச்சாரமாக ஆனபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

முப்பத்தொன்பது வயதில் ஒரு கபடிக்காரன் என்ன செய்துகொண்டிருப்பான்? எங்க பெரியப்பா அந்த வயதில் நடுவராக விசில் ஊதிக்கொண்டிருந்தார். முட்டிக்கால் போயிருக்கும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்திருந்தால் ஆபீஸில் உட்கார்ந்திருப்பான், கிடைக்காமல் இருந்தால் கொல்லையில் நிற்பான். சேரலாதன் அந்த வயதில் பெங்களூரு புல்ஸ் அணிக்காகப் பாயில் இறங்கினார். இணையத்தில் அவர் பேரைத் தட்டினால் வருகிற கணக்கு எல்லாம் அன்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் மண்ணிலும் மேட்டிலுமாக அவர் ஆடிய இருபது வருஷம்? அது அவரோடு ஆடியவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. அவர் பிடித்தவர்களின் கணுக்காலிலும் இருக்கலாம்.

*

கார்னர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆண்களுக்கான கபடி மைதானம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஆளுக்குப் பாதி. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஏழு பேரும் சங்கிலியாகக் கை கோத்து நிற்கும்போது இரண்டு கோடியிலும் நிற்பவர்கள் கார்னர்கள். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். அதைத் தொட்டுத் தாண்டாமல் ரைடர் சும்மா திரும்பிப் போக முடியாது. அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது, ஒரு கால் போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊன்றி, இன்னொரு கால் காற்றில் இருந்தால், யாரையும் தொடாமலே ஒரு புள்ளி.

அந்தக் கால் நீளுகிற அரை நொடிதான் கார்னருடைய மொத்த வாழ்க்கையும். உடம்பின் எடை முழுக்க ஒரு காலில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பாய்ந்து இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்தால் ரைடர் மரம் மாதிரி சாய்வான். கால் நொடி முன்னால் பாய்ந்தால் அவன் காலை இழுத்துக்கொண்டு, குனிந்து கிடக்கும் உங்கள் முதுகைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவான். கால் நொடி பின்னால் பாய்ந்தால் அவனுடைய முட்டி உங்கள் மூக்கில் இருக்கும். பெரியப்பா விரல் போனது இப்படித்தான்.

ஆகவே நல்ல கார்னருக்கு வேண்டியது பாய்ச்சல் இல்லை, பாயாமல் இருப்பது. நாற்பது நிமிஷ ஆட்டத்தில் நாலு தடவை பாய்ந்தாலே அதிகம். மிச்ச நேரம் முழுக்கக் குனிந்து, கையை விரித்து, பின்னங்காலில் நகர்ந்துகொண்டு, ரைடர் கண்ணைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கண் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. இருபது வயதுப் பையனிடம் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. நாற்பது வயதில் வரும். ஆனால் நாற்பது வயதில் முட்டி இருக்காது. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இருப்பது அபூர்வம். சேரலாதன் அந்த அபூர்வம்.

*

2016-ஐ மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ப்ரோ கபடியின் நாலாவது பருவம். பாட்னா பைரேட்ஸ் அணிக்குக் கேப்டன் சேரலாதன், வயது நாற்பத்தொன்று. அந்த அணியின் முதன்மை ரைடர் பர்தீப் நர்வால், வயது பத்தொன்பது. அப்பாவும் பிள்ளையுமாக இருக்க வேண்டிய வயது வித்தியாசம். இன்னொரு கார்னரில் ஈரானைச் சேர்ந்த ஃபசல் அத்ராச்சலி. லெஃப்ட் கார்னரில் ஃபார்சி பேசுகிறவர், ரைட் கார்னரில் தமிழ் பேசுகிறவர், ரைடு போகிறவன் ஹரியானாக்காரன், டீம் பேர் பீகார். ஒருத்தருக்கொருத்தர் எந்த பாஷையில் திட்டிக்கொண்டார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். கபடியில் திட்டாமல் ஆட முடியாது. லீக் முழுக்க அவருக்கு வழங்கிய பேர் மட்டும் தமிழ்ப் பேர்: அண்ணா. வடக்கத்திப் பையன்களும் வர்ணனையாளர்களும் அப்படியேதான் கூப்பிட்டார்கள்.

ஜூலை 31, ஹைதராபாத். இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸை 37-29 என்று பாட்னா ஜெயித்தது. மறுநாள் பேப்பரில் யார் படம் வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். பர்தீப். தப்பில்லை, அன்றைக்கு அவன் ஆட்டம் அப்படி. ஆனால் கோப்பையைக் கேப்டனாக வாங்கியது திருக்கானூர்பட்டிக்காரர். அந்தச் சமயத்தில் ப்ரோ கபடியில் தமிழ்நாட்டுக்கு என்று ஓர் அணியே கிடையாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். முதல் பருவத்தில் எட்டு அணிகள் இருந்தன. பெங்களூரு, தெலுங்கு, புனே, மும்பை எல்லாம் உண்டு. சடுகுடு என்று இந்த ஆட்டத்துக்குச் சொந்தப் பேர் வைத்திருக்கிற ஊருக்கு இல்லை.

இரண்டரை மாதம் கழித்து அகமதாபாத்தில் உலகக் கோப்பை. அனுப் குமார் தலைமையில் இந்திய அணியின் பதினான்கு பேரில் சேரலாதனும் ஒருவர். முதல் ஆட்டத்திலேயே கொரியாவிடம் 32-34 என்று தோற்றார்கள். அக்டோபர் 22 இறுதிப் போட்டி ஈரானோடு. இடைவேளையில் இந்தியா 13-18 என்று பின்னால் இருந்தது, கடைசியில் 38-29 என்று ஜெயித்தது. எதிரணியில் யார்? ஜூலையில் பாட்னாவின் இன்னொரு கார்னரில் நின்ற அதே ஃபசல். கபடியின் இந்தப் பத்து வருஷத்துக் கூத்தில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். இரண்டு வருஷம் கழித்து, 2018-ல், யூ மும்பா அணியில் மறுபடியும் இவர் ரைட் கார்னர், அவர் லெஃப்ட் கார்னர். அதே வருஷம் ஜகார்த்தாவில் ஈரான் இந்தியாவை அரையிறுதியில் 27-18 என்று சாய்த்து, இந்தியாவின் ஏழு தங்க வரிசையை அறுத்தது. அந்த ஈரான் அணியிலும் ஃபசல் இருந்தார்.

ஃபசலை யூ மும்பா அந்த வருஷ ஏலத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஒரு கேட்சருக்கு ஒரு கோடி. 2014 முதல் ஏலத்தில் எல்லாரையும்விட அதிகமாகப் போன ராகேஷ் குமாருக்கே 12.80 லட்சம்தான். நாலு வருஷத்தில் இவ்வளவு தூரம். அதற்கு முந்தைய இருபது வருஷத்தில் ஆடியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். பெரியப்பாவுக்குக் கிடைத்ததில் மிகப் பெரிய பரிசு ஓர் ஆட்டுக்கிடா. அதையும் ஏழு பேர் பங்கு போட்டார்கள்.

*

இப்போது கொஞ்சம் தூரம் போய்விட்டு வரலாம், அமெரிக்காவுக்கு. அங்கே ஃபுட்பால் என்று சொல்வது நம்ம கால்பந்து இல்லை. கோழிமுட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற, தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதுகிற ஆட்டம். அதில் பந்தை எறிகிறவன் குவார்ட்டர்பேக், அவன்தான் ஹீரோ. அவன் எறிவதற்குள் பாய்ந்து வீழ்த்துவதற்குப் பேர் சாக். நம்ம பிடியேதான், ஆள் கனம் மட்டும் ஜாஸ்தி.

டீக்கன் ஜோன்ஸ் என்று ஒருத்தர். 1961-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்து 1974 வரை ஆடினார். அந்த 'சாக்' என்கிற சொல்லைப் பரப்பியதே அவர்தான் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் அவருடைய அதிகாரப்பூர்வக் கணக்கில் சாக் பூஜ்யம். காரணம் எளிது. அந்த லீக் ஒவ்வொரு ஆளுக்கும் சாக் எண்ணத் தொடங்கியதே 1982-ல். யார் எத்தனை கஜம் பந்தை எறிந்தான், எத்தனை கஜம் ஓடினான் என்பதற்கு அதற்கு முன்பே பல பத்தாண்டுக் கணக்கு இருந்தது. எறிகிறவனை நிறுத்தியவனுக்கு இல்லை.

அங்கே இதை ஒரு அநியாயமாக நினைத்த ஆட்கள் இருந்தார்கள். பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் தேடித் தேடி, ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்து எண்ணினார்கள். 2021-ல் 1960 வரைக்குமான அந்தக் கணக்கு பொதுவெளிக்கு வந்தது. ஜோன்ஸுக்கு 173.5. எல்லாக் காலத்திலும் மூன்றாவது இடம். அவர் 2013-லேயே செத்துப்போயிருந்தார்.

அந்த .5-ஐக் கவனித்தீர்களா? இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. எனக்கு இந்த அரை மேல் பொறாமையே உண்டு. கபடியில் ஒரு பிடி பெரும்பாலும் ஒருத்தன் பேரில்தான் போகும். கார்னர் கணுக்காலைப் பிடிப்பான். ரைடர் அதையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஊர்வான். கவரில் நிற்பவன் வந்து தோளால் இடித்து வெளியே தள்ளாவிட்டால் அந்தப் பிடிக்கு மதிப்பே இல்லை. ஆனாலும் அந்தத் தோளுக்குப் பட்டியலில் தனிப் புள்ளி கிடையாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ரைடர் ஒரே மூச்சில் மூணு பேரைத் தொட்டால் மூணு புள்ளி. கேட்சர் உயிரைக் கொடுத்துப் பிடித்தாலும் ஒன்றுதான். மூணு பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்று கூட ஒன்று தருகிறார்கள், அவ்வளவே. ஆகவே ப்ரோ கபடியில் பர்தீப் 1,800 ரைடு புள்ளிகளைத் தாண்டி நிற்கிறார், பிடியில் 500-ஐத் தாண்டிய முதல் ஆளான ஃபசல் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொட்டிருக்கிறார். இது திறமை வித்தியாசம் இல்லை, கணக்குப் போடும் முறை. சினிமாவும் இதே கணக்கைத்தான் போடுகிறது. 'கில்லி'யில் விஜய் ரைடர். கேட்சர் ஹீரோவாக வந்த தமிழ்ப் படம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, அமெரிக்காவில் படச்சுருள் இருந்தது, எண்ணினார்கள். தஞ்சாவூர் மண்ணில் தொண்ணூறுகளில் நடந்த ஆட்டங்களுக்கு என்ன இருக்கிறது? சுவரில் ஒட்டிய நோட்டீஸ் இருந்தது, மழையில் போய்விட்டது. கமிட்டிக்காரர் கையில் ஸ்கோர் நோட்டு இருந்தது, அதில் அணிக்கு எத்தனை புள்ளி என்றுதான் இருக்கும், யார் பிடித்தது என்று இருக்காது. கிழவருக்காவது வெண்ணெய்நல்லூரில் மூல ஓலை இருந்தது. இவர்களுக்குப் படியோலைகூட இல்லை.

*

2017-ல் ஒருவழியாகத் தமிழ் தலைவாஸ் வந்தது. அந்த வருஷ இறுதிப் போட்டிகூடச் சென்னையில்தான் நடந்தது. தலைவாஸின் கேப்டன் இமாச்சலத்துக்காரரான அஜய் தாக்குர். சேரலாதன்? புனேரி பல்டன். அடுத்த வருஷம் யூ மும்பா. அதற்கடுத்து 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ், கேப்டனாக, நாற்பத்து நாலு வயதில். ஹரியானா! கபடி என்றாலே அந்த மாநிலம்தான் என்கிற அளவுக்கு வீரர்களை உற்பத்தி செய்கிற இடம். அந்த ஊர் பேர் கொண்ட அணிக்குத் தலைமை தாங்க ஒரு தஞ்சாவூர் ஆளைக் கூப்பிட்டார்கள். நம்ம அணிக்கு அவர் ஒரு பருவம்கூட மஞ்சள் பனியன் போடவில்லை. ஏலம் என்றால் அப்படித்தான், கை தூக்குகிறவன் எடுத்துக்கொண்டு போவான் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பெரியப்பா இன்னும் நேராகச் சொன்னார்: "நம்மூட்டுப் புள்ளய ஊரெல்லாம் கட்டிக் குடுத்துட்டு நாம டிவில பாத்துகினு இருக்கம்."

2021 டிசம்பரில், கொரோனாவால் பார்வையாளர் இல்லாமல் பெங்களூரில் ஒரு ஹோட்டலுக்குள்ளேயே நடந்த எட்டாவது பருவத்திலும் அவர் பேர் இருந்தது, ஜெய்ப்பூர் அணியில். வயது நாற்பத்தாறு. லீக்கிலேயே மூத்த ஆள். அவரோடு அந்தப் பாயில் நின்ற சில பையன்கள் பிறக்கும்போதே அவர் ஆடிக்கொண்டிருந்தவர்.

பிறகு 2024-ல், பதினோராவது பருவத்துக்கு, உதயகுமார் தலைமைப் பயிற்சியாளராகவும் சேரலாதன் வியூகப் பயிற்சியாளராகவும் தமிழ் தலைவாஸில் நியமிக்கப்பட்டார்கள். ஆட முடிந்த காலம் முழுக்க வெளியூர், ஆட்டம் முடிந்த பிறகு உள்ளூர். நம்ம ஊரில் இது புதுசு இல்லை. திருவெண்ணெய்நல்லூர் ரோடு என்று ஸ்டேஷனுக்குப் பேர் இருக்கும், இறங்கினால் ஊர் இன்னும் தூரத்தில் இருக்கும்.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு காரியம் செய்தேன். மின்னொளி கபடிக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ரைடை எழுதுவதில்லை, பிடியை மட்டும் எழுதுவது என்று முடிவு. யார் தொட்டான், யார் முதலில் பிடித்தான், யார் வந்து விழுந்தான்.

இது பார்ப்பதற்குச் சுலபம், எழுதுவதற்கு இல்லை. தூசி கிளம்பியதும் அஞ்சு பேர் ஒரே குவியலாகக் கிடக்கிறார்கள். அடியில் இருப்பவன் எவன் என்று அவர்கள் எழுந்திருக்கும்போதுதான் தெரியும். எழுந்திருக்கும்போது எல்லாருமே தொடையைத் தட்டிக்கொள்வார்கள். பெரியப்பா பக்கத்து பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, "மொதல்ல கை வச்சது அந்தக் குள்ளப் பையன்... இல்ல, அவன் சும்மா மேல உழுந்தான்... கீழ பாரு, கீழ" என்று சொல்லச் சொல்ல எழுதினேன். ஒலிபெருக்கியில் ரைடர்கள் பேரை மட்டும், அப்பா பேர், ஊர் பேர், பட்டப்பேரோடு முழங்கிக்கொண்டிருந்தார்கள்.

அரையிறுதியில் ஒரு ரைட் கார்னர் பையன். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். மூணு தடவை கணுக்கால் பிடித்தான், மூணும் சுத்தமான பிடி. நாலாவது தடவை பாயவில்லை. கால் நீண்டது, ஆசை காட்டியது, அவன் நகர்ந்துகொண்டான். ரைடர் வெறுங்கையோடு திரும்பினான். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. பெரியப்பா மட்டும் சேரின் கைப்பிடியில் ஒரு தட்டு தட்டி, "இதையும் எழுது" என்றார்.

இடைவேளையில் கயிற்றோரம் போய்ப் பேர் என்ன தம்பி என்று கேட்டேன். தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தவன் ஏதோ சொன்னான், ஒலிபெருக்கியில் கேட்கவில்லை, அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். நோட்டில் "ரைட் கார்னர், 4-ஆம் நம்பர் பனியன், பிடி 3, விட்டது 1" என்றுதான் இருக்கிறது.